வட்டுக்கோட்டையிலிருந்து வெள்ளவத்தை வரை: பெயரில்லாத படங்களோடு ஒரு சுற்று

2024 ஆகஸ்ட் 2, வெள்ளி: வட்டுக்கோட்டை, முறிகண்டி, வவுனியா

வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியின் பழைய மாணவரைச் சந்திக்கப் போகிறோம் என்றால் ஊரில் கேட்கிற முதல் கேள்வி, "எவ்வளவு சேர்க்கிறதா யோசனை?" என்பதுதான். இந்தச் சுற்றில் பற்றுச்சீட்டுப் புத்தகம் வான் வண்டியில் ஏறவே இல்லை. ஏறியவை துணிப் பதாகைகள் 24, பழைய குழுப் படங்களின் ஏ3 பிரதிகள் 60, றேசிங் பேப்பர் ஒரு சுருள், 2பி பென்சில் இரண்டு பெட்டி, நைலோன் கயிறு, உடுப்புக் காயப்போடும் கிளிப் நூறு. பொன்னாடையும் இல்லை, குத்துவிளக்கும் இல்லை. யாழ்ப்பாணக் கல்லூரியின் கதையை வெளியூர்ப் பழைய மாணவருக்குக் கொண்டுபோய்க் காட்டுவது ஒரு வேலை. வீடு வீடாகச் சேர்த்த, பெயர் எழுதாத படங்களுக்கு அவர்கள் வாயால் பெயர் வாங்குவது மற்ற வேலை. அவசரம் இரண்டாவதுக்குத்தான். அறுபதுகளின் தொடக்கத்தில் எடுத்த படத்தில் பின்வரிசையில் நிற்கும் பெடியனுக்கு இப்போது எண்பது வயது.

பதாகைக்கு ஃபோம் போர்ட் கூடாது. வெயிலில் நிற்கிற வானுக்குள் ஒரு மத்தியானம் கிடந்தால் ஓடுபோல வளைந்துவிடும். துணியில் அச்சடித்து, மேல் விளிம்பில் இரண்டடிக்கு ஒரு வளையம் அடித்தால் எந்த மண்டபத்திலும் கயிறு கட்டித் தொங்கவிடலாம். மினுங்கும் துணியும் ஆகாது. ரியூப் லைற் அதில் பட்டுத் தெறித்தால் கண்ணாடி போட்டவருக்கு எழுத்தே தெரியாது. எழுத்தின் அளவு 32 புள்ளிக்குக் குறைந்தால் எழுபது வயதுக்காரர் படத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். வசனம் எழுபது சொல்லைத் தாண்டினாலும் அப்படியே.

முறிகண்டிப் பிள்ளையாரைக் கடக்கும்போது வான் தானாகவே நின்றது. சாரதிக்கு அதில் பேச்சுக்கு இடமில்லை. தேங்காய் உடைத்து, நூறு ரூபாய்க்குக் கச்சான் வாங்கி, மணல் சூட்டோடு கொறித்துக்கொண்டு வவுனியா போய்ச் சேர்ந்தோம். மத்தியானச் சாப்பாடு 'அம்மாச்சி' உணவகத்தில். உழுந்து வடை, தோசை, இலைக்கஞ்சி எல்லாவற்றையும் கண்முன்னே செய்து தருகிறார்கள். நாலு பேர் வயிறு நிறையச் சாப்பிட்ட காசுக்குக் கொழும்பில் ஒருவருக்குக் கொத்துரொட்டி வராது.

பின்னேரக் கூட்டம் பக்கச்சுவர் இல்லாத ஒரு மண்டபத்தில். ஆகஸ்ட் என்றால் சோழகக் காற்று. பதாகைகள் பாய்மரம்போலப் புடைத்து, ஒரு கயிறு அறுந்து ஆறு பதாகை ஒன்றாக விழுந்தன. காற்றுக்கு முகம் கொடுத்துக் கட்டினால் எந்தக் கயிறும் தாங்காது. காற்று வீசும் திசையோடு நீளவாட்டில் கட்டி, கீழ் மூலை இரண்டிலும் தண்ணீர் நிரப்பிய ஒன்றரை லீற்றர் போத்தல் தொங்கவிட்ட பிறகுதான் நிலைத்தன. போத்தல்களைப் பக்கத்துக் கடைக்காரர் சும்மா தந்தார். மூடி மட்டும் பொருத்தமாய் இல்லை, கால்வாசி ஒழுகின.

பெயர் வாங்கும் படமேசையின் முறை இது. படத்தின் மேல் றேசிங் பேப்பரை வைத்து மேல் விளிம்பை மட்டும் ஒட்டவேண்டும். ஒவ்வொரு தலையையும் பென்சிலால் சுற்றி, பின்வரிசை இடது ஓரத்திலிருந்து இலக்கம் போடவேண்டும். பேப்பரில் இலக்கம் மட்டும்தான், பெயர் கொப்பிக்குள். ஒரு தலைக்கு மூன்று பேர் மூன்று பெயர் சொல்வார்கள், மூன்றையும் எழுதத்தான் வேண்டும். கொப்பியில் நான்கு நிரல்: இலக்கம், பெயர், சொன்னவர், நிச்சயமா ஐயமா. முதலாமவர் சொன்னதை இரண்டாமவருக்குக் காட்டக்கூடாது. காட்டினால் "ஓமோம், அவன்தான்" என்று ஒத்துப்போய்விடுவார்.

ஓய்வுபெற்ற நிலஅளவையாளர் ஒருவர் சொந்தப் பூதக்கண்ணாடியோடு வந்திருந்தார். ஒரு படத்தின் பின்பக்கத்தில் யாரோ மாணவர் பட்டியல் எழுதியிருந்தார்கள். அவர் நடுவரிசையில் ஆறாவது ஆளில் விரலை வைத்தார். பிறகு விரலைக் கீழே இறக்கிக் காலைப் பார்த்தார்.

"தம்பி, உவர் பெடியன் இல்லை. மாஸ்ரர். எங்கட வகுப்பில அப்ப ஆருக்கு உந்தச் சப்பாத்து?"

வரிசை முழுக்கச் செருப்பும் வெறுங்காலும். ஆறாவது ஆளுக்கு மட்டும் கயிறு கட்டிய சப்பாத்து. பட்டியலில் அந்த இடத்தில் இருந்த பெயர் அன்றைக்குப் படமெடுக்க வராத ஒரு மாணவருடையது என்பது பிறகு தெரிந்தது. வகுப்பு இடாப்பைப் பார்த்துப் பின்னாளில் எழுதும் பட்டியல்களில் இது வழக்கமான பிழை. வராதவரும் பட்டியலில் நிற்பார். அவருக்குப் பிறகு உள்ள எல்லாரும் ஓரிடம் தள்ளிப்போவார்கள்.

2024 ஆகஸ்ட் 3, சனி: ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலை

வெயில், வரண்ட குளங்கள், பாதையோரம் இளநீர். இளநீர் 150 ரூபாய், வெள்ளைக்காரர் இறங்கினால் 250. கிழக்குக் கடற்கரைக்கு இது சுற்றுலாக் காலம் என்பதால், மழைக்காலத்தில் ஐயாயிரத்துக்குக் கிடைக்கும் அறை உப்புவெளியில் பன்னிரண்டாயிரம் சொன்னார்கள். பழைய மாணவர் ஒருவர் வீட்டில் பாய் விரித்துத் தந்தார், பிரச்சினை முடிந்தது.

இரவு அந்த வீட்டில் படங்களைச் சரிபார்க்கும்போது ஒரு துடுப்பாட்ட அணிப் படம் இடம்வலம் மாறி அச்சாகியிருப்பது பிடிபட்டது. கண்டுபிடிப்பது சுலபம். ஆண்களின் சட்டைப்பை இடப்பக்க நெஞ்சில் இருக்கும். எல்லாருக்கும் பை வலப்பக்கம் என்றால் நெகட்டிவ் புரண்டுவிட்டது. மணிக்கூட்டையும் பார்க்கலாம், ஆனால் வலக்கையில் கட்டுகிறவர்களும் உண்டு, தனியே அதை நம்பக்கூடாது. புரண்ட படத்தை அப்படியே மேசையில் வைத்தால் கிழவர்கள் முகத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். "இடமிருந்து வலம்" என்று பழைய சஞ்சிகையில் உள்ள பெயர் வரிசைதான் குழம்பும்.

2024 ஆகஸ்ட் 4, ஞாயிறு: திருகோணமலை

நாட்காட்டியில் ஞாயிறு என்பதை மட்டும் பார்த்து உள்ளூர் ஏற்பாட்டாளர் நாள் குறித்திருந்தார். இன்றைக்கு ஆடி அமாவாசை. தகப்பன் இல்லாத சைவக்காரர் எல்லாரும் விரதம். காலை பத்து மணிக் கூட்டத்துக்குப் பதினொரு பேர் வந்தார்கள், மிச்சப் பேர் கடற்கரையில் தீர்த்தமாடிக்கொண்டிருந்தார்கள். நூற்றுப்பத்து ரூபாய்ப்படி சொல்லிவைத்த எண்பது மீன் ரோல்ஸ் பெட்டியோடு ஆறிக்கொண்டிருந்தன. கிறிஸ்தவக் குடும்பங்களும் சின்னப் பிள்ளைகளும் முடிந்தளவு கைகொடுத்தார்கள். கூட்டத்தைப் பின்னேரம் நாலு மணிக்கு மாற்றி, சிற்றுண்டியை அவித்த கடலை, கதலி வாழைப்பழம், பிளேன்ரீ என்று ஆக்கியதும் அறுபது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். அமெரிக்க மிசன் பள்ளிக்கூடமென்றாலும் படித்தவர்களில் பெரும்பங்கு சைவர். நாள் வைக்க முதல் பஞ்சாங்கத்தையும் தேவாலய அட்டவணையையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

மத்தியானச் சாப்பாடு தங்கிய வீட்டில். ஆடி அமாவாசைக்குக் காத்தோட்டிக்காய் இல்லாமல் யாழ்ப்பாணத்தார் வீட்டுச் சமையல் முடியாது. ஊரிலிருந்து பஸ்ஸில் கொடுத்துவிட்டிருந்தார்கள். நல்ல கைப்பு. "விரலளவு சாப்பிட்டால் போதும் தம்பி, முகத்தைச் சுழிக்காதையும்" என்று வீட்டுக்கார அம்மா இன்னும் ஒரு கரண்டி வைத்தார்.

பின்னேரம் ஆட்கள் அதிகநேரம் நின்றது பெயர்ப் பதாகையின் முன்னால். 1816இல் வந்த அமெரிக்க மிசனரிமார் 1823இல் கல்லூரியின் முன்னோடியான வட்டுக்கோட்டைச் செமினரி என்ற உயர்கல்விக்கூடத்தைத் தொடங்கினார்கள். டானியல் பூவர் முதல் அதிபர். அமெரிக்காவில் யாரோ ஒருவர் ஒரு பிள்ளையின் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் காசு அனுப்புவார், அவர் விரும்பிய பெயர் பிள்ளைக்கு வைக்கப்படும். அதனால் இடாப்பு முழுக்க அமெரிக்கப் பெயர்கள். 1841 ஜனவரி 7 அன்று மானிப்பாயில் அச்சாகி வெளிவந்த உதயதாரகைப் பத்திரிகையின் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன். பதாகையைப் படித்த இளம் ஆட்கள் பலர் இருவரையும் வெள்ளைக்காரர் என்றே நினைத்தார்கள். இருவரும் செமினரியில் படித்த தமிழர். 1886இல் பாவலர் சரித்திர தீபகம் என்ற நூலை எழுதிய சதாசிவம்பிள்ளைதான் ஜே.ஆர். ஆர்னல்ட். இந்த விளக்கம் இல்லாமல் பழைய இடாப்பைத் திறந்தால் தங்கள் பூட்டனைக் கண்டுபிடிக்க ஒருவராலும் முடியாது.

பெண்களைத் தேடுவதில் வேறு சிக்கல். இடாப்பில் தகப்பன் பெயர் முன்னெழுத்து, இப்போது கணவர் பெயர். மூன்று பேர் "மிஸிஸ்" என்றே ஊரில் அறியப்படுகிறார்கள். தகப்பன் பெயர், ஊர், குறிச்சி மூன்றையும் கேட்டால் பெரும்பாலும் ஆள் அகப்படும். எந்த ஆண்டு படித்தீர்கள் என்று கேட்பது ஆருக்கும் பயன் தராது. எந்தச் சோதனை எடுத்தீர்கள் என்று கேட்கவேண்டும். எஸ்.எஸ்.சி. என்றால் ஒரு காலம், என்.சி.ஜி.ஈ. என்றால் எழுபதுகளின் நடுப்பகுதி. சோதனைப் பெயர் ஒருவருக்கும் மறப்பதில்லை.

2024 ஆகஸ்ட் 5, திங்கள்: வெருகல், வாகரை, மட்டக்களப்பு

கிண்ணியாப் பாலம் 2009இல் வந்தபின் இந்தக் கடற்கரை வழியில் 'பாதை' எனப்படும் மிதவைக்குக் காத்துக் கிடக்கும் வேலை குறைந்துவிட்டது. வாகரைப் பக்கம் வெறும் மணலும் பனையும். மட்டக்களப்பில் நேற்றுத்தான் மாமாங்கேஸ்வரர் தீர்த்தம் முடிந்திருக்கிறது. கோயிலடியில் கடைகளை இன்னும் கழற்றவில்லை, விடுதிகள் முழுக்க ஆட்கள். பதிவு செய்திருந்த இரண்டு அறையில் ஒன்றை விடுதிக்காரர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார், மன்னிப்பாக ஒரு சட்டித் தயிர் வந்தது. எருமைத் தயிர், மண்சட்டி, கித்துள் பாணி. கோபம் அரைச்சட்டியோடு அடங்கிவிட்டது.

2024 ஆகஸ்ட் 6, செவ்வாய்: மட்டக்களப்பு

இந்தச் சுற்றில் நன்றாகப் பழகிய ஊர் இதுதான். வீட்டுக்குள் வந்தவரை வெறும் தேத்தண்ணியோடு அனுப்புவதில்லை. பழைய மாணவர் அல்லாதவர்களும் வந்தார்கள், வந்ததும் சண்டைக்கு இழுத்தார்கள். மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரியை வில்லியம் ஓல்ட் தொடங்கியது 1814இல். "உங்கட 1823க்கு இவ்வளவு பதாகையா?" என்றார் ஓர் ஓய்வுபெற்ற அதிபர். பேச்சில் வென்றவர் அவர்தான். ஓல்ட் மட்டக்களப்பில் ஒரு வருடம்கூட முழுதாக இருக்கவில்லை, 1815இல் இறந்துவிட்டார். அமெரிக்கர் வட்டுக்கோட்டையில் மூன்று தலைமுறையாய் ஊன்றினார்கள். ஆனால் முந்தியது முந்தியதுதான்.

கல்லூரி தொடங்கியது 1823ஆ 1872ஆ என்ற கேள்வி எங்கள் பக்கத்திலேயே உண்டு. செமினரி 1855இல் மூடப்பட்டது. போஸ்ரனில் இருந்த மிசன் சபையிலிருந்து றூபஸ் அன்டர்சன் தலைமையில் வந்த குழு, ஆங்கிலத்தில் உயர்கல்வி கொடுப்பது சமயப் பணிக்கு உதவவில்லை என்று முடிவு கட்டியது. படித்தவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்விட்டார்கள் என்பது குறை. யாழ்ப்பாணத்தார் விடவில்லை, கேட்டுக் கேட்டு, காசும் சேர்த்து, 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி தொடங்கியது. முதல் அதிபர் ஈ.பி. ஹேஸ்ரிங்ஸ். பதாகையில் இரண்டு ஆண்டையும் ஒரே அளவு எழுத்தில் போட்டிருந்தது நல்லதாய்ப் போயிற்று. ஒன்றைப் பெரிதாக்கியிருந்தால் பின்னேரம் முழுக்க அதிலேயே போயிருக்கும். மூடப்படுவதற்கு முன் அங்கே படித்த சி.வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் என்பதைச் சொன்னதும் ஓய்வுபெற்ற அதிபர் கொஞ்சம் இறங்கிவந்தார்.

சாமுவேல் கிறீன் பதாகையை ஒரு டொக்டர் ஒவ்வொரு வரியாய்ப் போனில் படமெடுத்தார். கிறீன் அமெரிக்க மிசன் மருத்துவர், 1847இல் வந்து, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தவர். உடற்கூற்றுப் பாடநூல் 1857இல் தமிழில் அச்சாகிவிட்டது. "நாங்கள் இங்கிலீசில படிச்சது இதைத்தான்" என்றார் டொக்டர்.

குரல் பதிவுக்கு மட்டக்களப்பு ஆகஸ்ட் ஆகாது. மேல்மின்விசிறி ஓடினால் பதிவில் உறுமல். நிறுத்தினால் பத்து நிமிடத்தில் எண்பது வயதுக்காரர் வியர்த்துக் களைத்துவிடுவார். யன்னலைத் திறந்தால் காகம். காலை ஆறரைக்கு, ஆற்றங்கரைப் பக்க விறாந்தையில், சட்டைப் பொத்தானில் குத்தும் சின்ன மைக்கோடு எடுத்தவைதான் தேறின. மைக்கை நாடிக்குக் கீழே ஒரு சாண் விட்டுக் குத்தவேண்டும். சால்வை போட்டவர் என்றால் சால்வை உரசும், மற்றத் தோளுக்கு மாற்றச் சொல்லவேண்டும். இருபது நிமிடத்துக்கு மேல் ஒருவரைப் பேசவைப்பது அநியாயம். முதல் ஐந்து நிமிடம் எல்லாரும் அதிபரைப் புகழ்வார்கள். விடுதிச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டதும் கதை திறக்கும்.

பதிவைப் பொதுவில் போடலாமா என்று கையெழுத்து வாங்கும் தாளில் "போடலாம்", "குடும்பத்துக்கு மட்டும்", "நான் இருக்குமட்டும் வேண்டாம்" என்று மூன்று கட்டம். மூன்றாவது கட்டத்தில் கோடு போட்டவர்கள் நினைத்ததைவிடக் கூட.

2024 ஆகஸ்ட் 8, வியாழன்: கண்டி

பெரஹரா ஊர்வலத்துக்கு ஊர் தயாராகிறது, அறை விலையும். தூறல். ஈரத் துணிப் பதாகையைச் சுருட்டினால் இரண்டு நாளில் பூஞ்சணம். விறாந்தையில் கொடி கட்டிக் காயவிட்டதில் பொழுது போய்விட்டது. வந்தவர் பதினான்கு பேர். ஆனால் ஒருவர் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒட்டிப்போன 1950களின் விடுதிப் படம் கொண்டுவந்தார். பிரித்துத் தரட்டுமா என்று கேட்டார். ஒருபோதும் பிரிக்கக்கூடாது. ஈரத்தில் படத்தின் மேற்படை கண்ணாடியோடு ஒட்டிவிடும், இழுத்தால் முகங்கள் கண்ணாடியில் நின்றுவிடும். சட்டத்தின் பின்பலகையை மட்டும் எடுத்து, கண்ணாடியை வெளியே துடைத்து, அப்படியே ஸ்கானரில் கவிழ்த்து 600 டிபிஐயில் எடுத்தோம். மழைநாளில் கண்டித் தேத்தண்ணி 60 ரூபாய்க்கு எந்தக் குறையும் சொல்ல முடியாதது.

2024 ஆகஸ்ட் 11, ஞாயிறு: வெள்ளவத்தை, கொழும்பு

வாடகைக்கு எடுத்த மண்டபம் மூன்றாம் மாடி. காலையில் மின்தூக்கி வேலை செய்யவில்லை. காவலாளி "இப்ப வருவினம் திருத்த" என்று பதினொரு மணிவரை சொன்னார். மூத்தவர்களால் ஏற முடியவில்லை. படமேசைகளைக் கீழே வாகனம் விடும் இடத்துக்கு இறக்கினோம். பெற்றோல் மணம், வெளிச்சம் குறைவு, பேச்சு எதிரொலி. ஆனால் ஒருவரும் போகவில்லை. மேலே மேடையும் கதிரை வரிசையும் இருந்திருந்தால் நாலு பேர் பேச, மிச்சப் பேர் கைதட்டிவிட்டு ரோல்ஸோடு புறப்பட்டிருப்பார்கள். கீழே எல்லாரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். கொப்பியில் விழுந்த பெயர்களில் பாதிக்குமேல் இந்த வாகனத் தரிப்பிடத்தில் வந்தவை. புரொஜெக்டர் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை.

வெளிநாட்டுப் பழைய மாணவரோடு வீடியோ இணைப்பு வைத்திருந்தது காலை பத்தரைக்கு. ரொறன்ரோவில் அது இரவு ஒரு மணி, லண்டனில் காலை ஆறு. சிட்னிக்காரர் மட்டும் தெளிவாக உட்கார்ந்திருந்தார், அங்கே பின்னேரம் மூன்று. கோடைகாலத்தில் நான்கு ஊரையும் சேர்க்க ஒரே நேரம்தான் உண்டு: கொழும்பு மாலை ஆறு, ரொறன்ரோ காலை எட்டரை, லண்டன் பகல் ஒன்றரை, சிட்னி இரவு பத்தரை. போன் கமராவைப் படத்தின் மேல் பிடித்துக்கொண்டு "பின்வரிசை நாலாவது ஆர்?" என்று கேட்பதில் பயனில்லை, படம் மங்கும். இலக்கம் போட்ட பிரதியை முதல்நாளே வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பவேண்டும். படமாக அனுப்பினால் அது சுருக்கி முகத்தைக் கரைத்துவிடும்.

சாப்பாடு வெள்ளவத்தைச் சைவக் கடையொன்றில் இருந்து: இடியப்பம், சொதி, சம்பல், ஆளுக்கு 450. சொதி காணாமல் போனது, இடியப்பம் மிஞ்சியது. அறுபது பேருக்கு அறுபது பேரின் சொதி போதாது, எண்பது பேருக்குச் சொல்லவேண்டும்.

2024 ஆகஸ்ட் 12, திங்கள்: இரவு பஸ்

வடக்கு ரயில் பாதை திருத்த வேலையில் இருந்ததால் எல்லாக் கூட்டமும் பஸ்ஸில். நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் பெட்டிகளால் அடித்தட்டு நிரம்பியிருந்தது. பதாகைகளைச் சுருட்டி நாலங்குல பிவிசி குழாய் இரண்டில் அடைத்திருந்தோம். நடத்துநர் குழாய்க்கு ஆள் ரிக்கற் கேட்டார். தண்ணிக் குழாயா என்று தட்டிப் பார்த்தார். மூடியைக் கழற்றி ஒரு முனையை இழுத்துக் காட்டியதும், "உது எங்கட பெரியப்பா படிச்ச இடமெல்லோ" என்று 1,500இலிருந்து 600க்கு இறங்கினார். பெரியப்பாவின் பெயர், ஊர், எடுத்த சோதனை மூன்றையும் குறித்துக்கொண்டோம். விடுதிப் படம் இரண்டில் அவர் இருக்கக்கூடும், அடுத்த கிழமை அவருடைய ஊரான புங்குடுதீவுக்கு ஆள் போகவேண்டும்.